அம்மாவுக்கும் தங்கைக்கும் நடுவே

1764 அக்டோபர் 11, வியாழன்

ஆளிச்செடியை அடித்து நாரெடுக்கும் வேலை இன்னும் பாதி கிடக்கிறது. என் கையெல்லாம் சிராய்ப்பு. அம்மா காலையிலிருந்து ராட்டையை விட்டு எழவில்லை.

மாலையில் பக்கத்துப் பண்ணை டன்பார் மாவு மூட்டையோடு குதிரையில் வந்தவர், வேலியோரம் நின்று கத்தினார்: "ரேங்கின் வீட்டம்மா! பட்டாளம் ஓஹையோப் பக்கம் போயிருக்காம். செவ்விந்தியனுங்க புடிச்சிட்டுப் போன நம்ம சனத்துல ஒருத்தர் விடாம திருப்பிக் குடுக்கணும்னு கர்னல் சொல்லிட்டாராம். இல்லேன்னா அவங்க ஊரையே கொளுத்திடுவாராம்!"

அம்மா ராட்டையை நிறுத்தினாள். "என் கிரிசல்" என்றாள். என் தங்கையின் பெயர்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதோடு பயமும் வந்தது.

அக்டோபர் 14, ஞாயிறு

பிரசங்கம் நீளம். மூன்று வருடம் 'அவர்களோடு' இருந்தவள் என்று என் பெஞ்சில் இன்றும் யாரும் உட்காரவில்லை. பழகிவிட்டது.

அக்டோபர் 20

இதை எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

எட்டு வருடத்துக்கு முன், ஜூலையில், ஓட்ஸ் அறுக்கும் நேரம். அம்மா டன்பார் மனைவிக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். அவர்கள் வந்து அப்பாவைத் தானியக் கொட்டகை வாசலில் சுட்டுக் கொன்றார்கள். என்னையும் கிரிசலையும் மலைகளைத் தாண்டி இழுத்துப் போனார்கள். பத்தொன்பது நாள் நடை. எனக்குப் பதினெட்டு, அவளுக்கு ஆறு. வழியில் அழுத ஒரு பிள்ளையை என்ன செய்தார்கள் என்று முதல் நாளே பார்த்துவிட்டேன். அதன்பின் கிரிசலை முதுகில் சுமந்தேன். அழுகை வந்தால் என் பின்னலைக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். கடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் வரவில்லை.

மஸ்கிங்கம் ஆற்றங்கரையில் லெனாபே மக்களின் ஊர். அம்மை நோயில் மகளை இழந்த ஒருத்தி கிரிசலை ஆற்றில் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அன்றோடு கிரிசல் அவள் மகள். நான் அதே வீட்டில் வேலைக்காரி. என்னை அடித்ததில்லை. அவர்கள் தின்றதைத்தான் எனக்கும் தந்தார்கள். அவர்கள் பட்டினி கிடந்த குளிர்காலத்தில் நானும் கிடந்தேன்.

மூன்றாம் வருடம் ஏப்ரலில், வர்ஜீனியாவிலிருந்து பிடித்துவந்த இரண்டு பெண்கள் தப்பியோடத் திட்டம் போட்டார்கள். "சின்னப் பொண்ணு வந்தா நாங்க வரல. அவ நடக்கமாட்டா, எல்லாரும் மாட்டிப்போம்" என்றார்கள். கிரிசல் என்னிடமிருந்து மூன்று முழத் தூரத்தில் படுத்திருந்தாள். விடியும் முன் எழுந்தேன். போய்விட்டேன்.

பதினாறு நாள். தின்றது கிழங்கு, மரப்பட்டை, ஒருமுறை வேகாத ஆமைக்கறி. நம் பட்டாளத்தின் கோட்டைக்கு வந்து சேர்ந்தோம்.

அம்மாவிடம் சொன்னது: "கிரிசலை வேற ஊருக்கு அனுப்பிட்டாங்கம்மா. எங்கேன்னு எனக்குத் தெரியாது."

ஐந்தரை வருடமாக இதுதான் உண்மை.

டிசம்பர் 19

மீட்ட கைதிகளைக் கார்லைல் ஊருக்குக் கொண்டுவருகிறார்களாம். அம்மா கம்பளிக் காலுறை பின்னத் தொடங்கினாள், ஆறு வயதுப் பிள்ளையின் அளவில். பாதியில் அவளே பார்த்துவிட்டு, பிரித்து, பெரிதாகப் பின்னினாள்.

டிசம்பர் 31, கார்லைல்

கிடைத்துவிட்டாள்.

வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். சிலர் பெற்றவர்களைப் பார்த்து ஓடினார்கள். சிலர் கூட்டிவந்த வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மான்தோல் உடுப்பும் கழுத்தில் மணிகளுமாக ஒரு பதினான்கு வயதுப் பெண். மேலுதட்டில் அப்பாவின் மச்சம். அம்மா "கிரிசல், கண்ணு" என்று கையை நீட்ட, அவள் பின்னால் நகர்ந்தாள். நம் பேச்சில் ஒரு சொல்கூட அவளிடம் மிஞ்சவில்லை.

நான் லெனாபே மொழியில் பேசினேன். எத்தனை நாளாயிற்று, நாக்கு தடுமாறியது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, உன் முன்பல்லு எங்கே போச்சு?"

"விழுந்துடுச்சு."

"அசிங்கமா இருக்கு."

சிரித்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொல்றா? என்னைத் தெரியுதாமா?"

"தெரியுதாம்மா" என்றேன்.

மொழிபெயர்ப்பில் முதல் பொய். வந்த பத்தாவது நிமிடத்தில்.

1765 ஜனவரி 17

கட்டிலில் படுக்கமாட்டேன் என்கிறாள், அடுப்போரம் தரையில்தான். செருப்பைக் கழற்றி எறிகிறாள். பசுவிடம் மட்டும் பேசுகிறாள்.

"அவங்க அவளை அடிச்சாங்களான்னு கேளு" என்றாள் அம்மா.

நான் கேட்டதும் கிரிசல் புரியாமல் விழித்தாள். "யார் அடிப்பா? எங்கம்மா என்னைத் திட்டினதுகூட இல்ல. பட்டாளத்துக்காரன் என்னை இழுத்தப்போ ரெண்டு நாள் கூடவே நடந்து வந்தா. எனக்குக் கறி குடுத்து அனுப்பினா."

நான் சொன்னது: "அடிக்கலையாம்."

இவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவு சின்னப் பதிலா என்று அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு பாலத்தில் நின்றுகொண்டு, போகிற சரக்கில் பாதியை நான் ஆற்றில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8

நடந்துவிட்டது.

கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா கேட்டாள், "உன்னையும் அவளையும் எப்போ பிரிச்சாங்க, எந்த ஊருக்கு அனுப்பினாங்கன்னு கேளு."

அதைக் கேட்காமல் வேறு எதையாவது கேட்டிருக்கலாம். ஏன் கேட்டேன்? களைப்பா? தெரியவில்லை. கேட்டேன்.

கிரிசல் கரண்டியை நக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "யாரும் பிரிக்கலையே. நீதான் போனே. நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன். காலைல எல்லாரும் கேட்டாங்க. காட்டு வெங்காயம் பறிக்கப் போயிருக்கான்னு சொன்னேன். மத்தியானம் வரைக்கும் நம்பினாங்க. அப்புறம் எங்கம்மா தனியாக் கூப்பிட்டுக் கேட்டா. அப்பவும் வெங்காயம்னுதான் சொன்னேன்."

முழிச்சிட்டு இருந்தாளா. ஒன்பது வயசு. மூணு முழம் தள்ளி. கடவுளே, கண்ணைத் திறந்து என்னைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாளா—

"என்னடி சொல்றா? இவ்ளோ நேரம் பேசினாளே" என்றாள் அம்மா.

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் அதைத் திருத்த யாருமில்லை. வாய் வரைக்கும் ஒரு பொய் வந்தது. வெளியே வந்தது வேறு. ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் எனக்காகப் பொய் சொன்னதை, நான் அம்மாவிடம் பொய் சொன்னதை, எல்லாம்.

அம்மா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். பால் கறக்கும் நேரம்கூட இல்லை.

பிப்ரவரி 9

பேசவில்லை.

பிப்ரவரி 27

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் என்னை நடுவில் வைக்காமல் கிரிசலோடு பேசப் பழகுகிறாள். தண்ணீரைக் காட்டுகிறாள், கிரிசல் அதன் சொல்லைச் சொல்கிறாள். நெருப்பு, ரொட்டி, பசு. அம்மாவின் உச்சரிப்பைக் கேட்டுக் கிரிசல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அம்மாவும் சிரிக்கிறாள். கொட்டகையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22

நேற்று கிரிசல் ஓடிவிட்டாள். இன்று டன்பார் அவளை ஆற்றுத்துறையில் பிடித்து, கையைக் கயிற்றால் கட்டிக் குதிரை பின்னால் நடத்திக்கொண்டு வந்தார்.

"காட்டுப்பூனை! கடிச்சிட்டா பாருங்க. சங்கிலி போட்டு வைங்க, சாத்தான் புகுந்த பிள்ளை."

அம்மா ரொட்டி வெட்டும் கத்தியோடு வெளியே வந்தாள். டன்பார் இரண்டடி நகர்ந்தார். கயிற்றை அறுத்தாள். "என் மகளை இனி யாரும் கட்ட வேண்டாம். உங்க வீட்ல நாயி இருக்கு, அதைக் கட்டுங்க."

கிரிசல் திண்ணமாக நின்றாள், அழவில்லை. அம்மா அவள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, தரையைக் காட்டினாள், பிறகு மேற்கே மலையைக் காட்டினாள். தப்பும் தவறுமாக, அவர்கள் மொழியில் கேட்டாள்: "இங்கேயா? அங்கேயா?"

கிரிசல் ஒரே சொல்தான் சொன்னாள். "அன்னா." அவர்கள் மொழியில் அம்மா என்று பொருள்.

அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும். இரண்டு மாதமாகக் கிரிசல் தூக்கத்தில் அதைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன்னைத்தான் சொல்கிறாளோ என்று ஒரு கணம் முகம் மலர்ந்தது. கிரிசலின் கை எங்கே காட்டுகிறது என்று பார்த்தாள். மலையைக் காட்டியது.

மார்ச் 23

ஆறு வாரத்துக்குப் பிறகு அம்மா என்னோடு பேசியது:

"மே மாசம் பிட் கோட்டையில சமாதானப் பேச்சு இருக்காம். அவங்க சனம் வரும். நீ அவளைக் கூட்டிட்டுப் போய் அவங்ககிட்ட சேத்துடு. நீதானே விட்டுட்டு வந்தே."

ஏப்ரல் 25

நாளை சரக்குக் குதிரைக்காரர்களோடு கிளம்புகிறோம். அம்மா காலுறை இரண்டு ஜோடி மூட்டையில் வைத்தாள். கிரிசல் ஒரு ஜோடியை அப்போதே போட்டுக்கொண்டாள். செருப்பை மட்டும் தொடவில்லை.

மே 9, மலையில்

மழை. பாறைக்கடியில் ஒதுங்கியிருந்தபோது கேட்டேன், அன்றைக்கு ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று.

"கூப்பிட்டா எல்லாரும் முழிச்சிருப்பாங்க. சத்தம் போடக்கூடாதுன்னு நீதானே சொல்லிக்குடுத்தே."

"என் மேல கோவமா இருந்தியா?"

யோசித்தாள். "ரெண்டு குளிர்காலம் இருந்தேன். அப்புறம் நாய்க்குட்டி கிடைச்சுது."

மழை விட்டது. நடந்தோம்.

ஜூன் 14, வீடு

வந்து சேர்ந்தேன். பாதம் வீங்கிக் கிடக்கிறது.

கோட்டைக்கு வெளியே ஆற்றின் அக்கரையில் அவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். கிரிசல் 'அன்னா' என்று கத்தினாள். ஒருத்தி எழுந்து நின்றாள், இப்போது கொஞ்சம் நரைத்திருக்கிறாள். படகு வரும்வரை கிரிசல் நிற்கவில்லை. நீந்திப் போனாள். அந்தப் பெண்ணும் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். கிரிசலை அணைத்துக்கொண்டபின் அவள் என் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். அவள் வீட்டில் மூன்று வருடம் சோளம் இடித்தவள் நான்.

அம்மா வேலியோரம் நின்றிருந்தாள். எத்தனை நாளாக நிற்கிறாளோ. நான் மூட்டையை இறக்குமுன்பே கேட்டாள்.

"போகும்போது திரும்பிப் பாத்தாளா?"

பார்த்தாள் என்று சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பாள். தெரியும்.

"இல்லம்மா. பாக்கல."

அம்மா மலைப்பக்கம் பார்த்தாள். பிறகு என் மூட்டையைத் தன் தோளில் எடுத்துக்கொண்டாள்.

"சரி. உள்ள வா, ஜேனட். காலைக் காட்டு, வெந்நீர் வைக்கிறேன்."