அக்கா மகள் வயலினுக்குள் விழுந்த குச்சி

மார்கழி, ஞாயிறு இரவு. சேலையூர்.

வயலினுக்குள் குச்சி விழும் என்று எனக்கு முன்பே தெரியும். சத்தம் மந்தமாக இருக்கிறது என்று அக்கா மகள் நித்யா சொன்னதுமே, தந்தியைத் தாங்கும் குதிரை சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தவனும் நான்தான். அதை நிமிர்த்த நான்கு தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்தப் போனேன்.

“மாமா, ஒண்ணொண்ணா லூஸ் பண்ணுங்க. இல்லன்னா தந்தி இறுக்கத்துல உள்ள நிக்கிற குச்சி விழுந்துடும்னு சார் சொல்லியிருக்காரு.”

“உங்க சார் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இதெல்லாம் பார்த்தவன்மா.”

நான்கையும் தளர்த்தியதும் குதிரை படுத்தது. உள்ளே குச்சி உருண்டது. நாளை தாம்பரத்தில் அவளுக்கு முதல் கச்சேரி. நித்யா அழுதுவிட்டாள்.

“அது முன்னாடியே ஆடிக்கிட்டிருந்துச்சு. வந்தப்பவே குச்சி ஆடுற சத்தம் கேட்டேனே” என்றேன்.

அக்கா உடனே வயலின் சாருக்குப் போன் போட்டாள். “போன வாரம் நீங்கதானே சார் செட் பண்ணீங்க? இதான் லட்சணமா?”

அவர் மழையில் வண்டியோட்டி வந்து, தன் சொந்த வயலினை நித்யாவிடம் கொடுத்தார். “நான் சரியா பார்க்கல போலிருக்கு, மன்னிச்சுக்குங்க” என்று என்னிடமும் சொன்னார். நானும் பெரிய மனது பண்ணி, “பரவால்ல விடுங்க சார்” என்றேன்.

உண்மையில் நான் வந்தபோது எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.