மருமகளின் மூக்குக்கண்ணாடி

வீம்புக்குப் பிறந்த மருமகளே,

யாருமே நம்பமாட்டாத கதை ஒன்றை என் மீசைமேல் சத்தியமாகச் சொல்லப்போகிறேன்.

உன்னைப் பற்றி ‘படிக்க மறுக்கிறாள்’ என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை போகப்போகிறதாம். போனால் நீ வீடு திரும்புவது தள்ளிப்போகும். பதறிக்கொண்டு உன் சிறார் இல்லத்துக் கண்காணிப்பாளரிடம் ஓடினேன்.

"அவளுக்குக் கரும்பலகையே தெரியாதுங்க. கண்ணாடி போட்டா படிப்பா!"

"நல்லாத் தெரியுதுன்னு அவளே சொல்றாளே? டாக்டர் சீட்டு கொண்டாங்க, வெளிய அனுப்பறோம்."

கண் டாக்டரிடம் பறந்தேன்.

"பொண்ணைப் பாக்காம சீட்டு எழுத நான் என்ன ஜோசியரா?"

இருவருக்கும் நடுவே நான் அலைந்த அலைச்சலில் தார்ச்சாலை தேய்ந்து ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. கடைசியில் நான் போட்ட கூச்சலில் மின்விசிறி மிரண்டு எதிர்ப்பக்கம் சுற்றியது. கண்காணிப்பாளரின் வழுக்கையில் முடி முளைத்தது. டாக்டரை நாற்காலியோடு தலையில் தூக்கிவந்து இல்லத்து வாசலில் இறக்கினேன்.

சரி, கடிதத்தை மூக்கில் ஒட்டிப் படிப்பதை நிறுத்து. தார்ச்சாலை முதல் நாற்காலி வரை அத்தனையும் புளுகு. வியாழக்கிழமை டாக்டர் அங்கேயே வருகிறார் என்பது மட்டும் நிஜம்.

அன்றைக்காவது, தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்று சொல்லித் தொலை.

இப்படிக்கு,
தொண்டை கட்டிப்போன உன் தாய்மாமன்