குட்டி கற்றுக்கொண்ட பயம்

அன்புள்ள சுந்தரிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் துணைக்கு ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறேன். வெளியே போய் மூத்திரம் பெய்ய எவ்வளவோ பழக்கியும், ஞாயிறு காலை என் ஆபீஸ் பையிலேயே பெய்துவிட்டது. ஆத்திரத்தில் பேப்பரைச் சுருட்டி அடித்தேன். இப்போது தடவக் கை நீட்டினாலே பயந்து, நின்ற இடத்தில் நனைத்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு பௌதியிடம், அதான் அந்த வங்காளி அண்ணியிடம், சொன்னேன். "எதுக்கு அடிச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது அண்ணா. உங்களப் பாத்தா பயப்படணும்னு மட்டும் கத்துக்கிச்சு" என்று தன் ஹிந்தியில் சொன்னார்.

கணக்கு வரவில்லை என்று நம் பிரபாவை நான் அடித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. லீவில் நான் வந்தால் அவள் அறையை விட்டு வருவதில்லை என்று உன்னிடம்தான் கோபப்பட்டேன். தப்பு என்னுடையது, சுந்தரி.

இப்போது தினமும் பிஸ்கட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று குட்டி பாதி தூரம் வந்தது.

அதற்கு விரிக்க உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. ஆபீஸுக்கு நேரமாகிறது. இனி நான் பேசும்போது போனைப் பிரபாவின் கையில் திணிக்காதே; அவளாக வரட்டும்.

உன்,
மகேஸ்வரன்