பதினேழாம் படம்

ஒக்டோபர் 14, செவ்வாய். கண்டி.

புசல்லாவையிலிருந்து செல்வராஜ் ஐயா இன்று மறுபடியும் எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு வந்தார். உலகப் போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பிய தன் அப்பாவின் நாற்பத்தொரு படங்களைப் போன மாதம் எங்களிடம் கொடுத்தவர். எல்லாவற்றின் பின்னாலும் பென்சிலால் இலக்கம் போட்டுவிட்டேன்.

"மிஸ், பதினேழாவத மட்டும் திருப்பிக் குடுத்துருங்க," என்றார். அதில் அப்பா பெரிய அண்டாவில் சோறு கிண்டிக்கொண்டு நிற்கிறார். மற்றவற்றில் துப்பாக்கி, பிறகு கல்யாணம், தோட்டம்.

"சமைச்சவங்களும் பட்டாளந்தானே ஐயா?"

"நீங்க சொல்லுவீங்க. அப்பா சண்ட போட்டாருன்னுதான் தோட்டத்துல எல்லாரும் நெனச்சிக்கிட்டு இருக்காங்க. நாளைக்குப் பேரப்புள்ளைங்க வந்து பாக்கும்."

கொடுத்தவர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு படத்தை அகற்றினால் அந்த இடத்தில், அதில் என்ன இருந்தது, ஏன் அகற்றினோம் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைப்பது எங்கள் வழக்கம். சமையல் என்று எழுதினால் படத்தை அகற்றியும் பயனில்லை. எழுபத்தைந்து வயது மனிதர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "படம் தெளிவில்லை" என்று எழுதி ஒப்பமும் வைத்தேன். படத்தை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இருபது வருட வேலையில் நான் பொய் எழுதியது இதுதான் முதல் தடவை. துப்பாக்கிப் படங்களில் அவர் அப்பாவின் முகம் விறைத்து, யாரோ மாதிரி இருக்கும். பதினேழில் வாயெல்லாம் சிரிப்பு. இப்போது கண்ணை மூடினால் அந்தக் கரண்டியில் ஒட்டிய சோற்றுப் பருக்கைகூடத் தெரிகிறது.