என் ஊட்டு லைனுக்கு மட்டும் திறக்காத சர்வர்

9 ஜூன், திங்கள்

மழை இல்ல. காத்து மட்டும். தென்னை மட்டை விழுந்து மாட்டுக் கொட்டாய் ஓடு உடைஞ்சது. மாத்தணும்.

சாயங்காலம் தம்பியோட ஆடற கேமுக்குள்ள போக முடியல. "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்." திரும்பத் திரும்ப அதே. சர்வர்னு நாங்க சொல்றது தம்பி கதிரோட பழைய கம்ப்யூட்டர்தான். கஞ்சிக்கோட்டுல, அவன் கம்பெனி குவார்ட்டர்ஸ்ல, எந்நேரமும் ஓடிட்டே கிடக்கும். இங்கிருந்து நான், அங்கிருந்து அவன். கேமுக்குள்ள ஒரு குன்றைச் சுத்தி ரயில் பாதை போட்டுட்டு இருக்கோம்.

தோட்டம் பாகம் பிரிக்கற பேச்சு வந்ததுலிருந்து நேர்ல பேச்சு கம்மி. போன்லயும் "ம்", "செரி". கேம்ல மட்டும் பழையபடி. இப்ப அதுவும் இல்ல.

10 ஜூன், செவ்வாய்

ரூட்டரை அணைச்சுப் போட்டேன். கேமை அழிச்சுட்டு மறுபடி இறக்கினேன். சர்வர் அட்ரஸை எழுத்தெழுத்தாப் பார்த்தேன், சரியாத்தான் இருக்குது. நெட்டும் நல்லாருக்குது, என் ஊட்டுக்காரி சாந்தியோட சீரியல் ஒரு நொடி நிக்கல.

கதிருக்கு மெசேஜ்: "சர்வர் ஆஃபா?" பார்த்துட்டான். அவ்வளவுதான்.

சாந்தி: "ஏனுங்க, கம்ப்யூட்டர் ரிப்பேரா இருக்கும். எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் தேடாதீங்க."

காலையில பால் சொசைட்டி மணியண்ணன் தனியாக் கூப்பிட்டுச் சொன்னதை அவகிட்டச் சொல்லல. "உங்க தம்பியை வில்லேஜ் ஆபீஸ்ல பார்த்தனுங்க. தோட்டம் அளக்க எழுதிக் குடுத்தாராமா."

ரெண்டும் ஒரே வாரம். எப்படி ரிப்பேர்னு நம்பறது.

11 ஜூன், புதன்

தேங்காய் வியாபாரி வரல. போன் எடுக்கல.

வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டால போய்ப் பார்த்தேன். உடனே உள்ள போயிருச்சு. அப்ப சர்வர் ஓடிட்டுத்தான் இருக்குது. என் ஊட்டு லைனை மட்டும் அடைச்சு வெச்சிருக்கான்.

உள்ள மரக்கிடங்கைக் காணோம். ரயில் பாதைக்குன்னு ரெண்டு பேரும் வெட்டி அடுக்கின மரம் பூராவும் எரிஞ்சு போச்சு, கருகின தரைதான் மிச்சம். நின்னு பார்த்துட்டே இருந்தேன். கதிர் வந்தான். எதிர்ல நின்னான்.

"என்னடா ஆச்சு?"ன்னு எழுதினேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா"ன்னு எழுதினான். அடுத்த நொடி என்னை வெளிய தள்ளிட்டான்.

நான் கொளுத்தினேன்னா நினைக்கறான்? இல்ல, அவனே கொளுத்திட்டு என் தலையில போடறானா? பேச்சை முறிக்க ஒரு காரணம் வேணுமே.

12 ஜூன், வியாழன்

மாட்டுக்குத் தவிடு. ஓடு இன்னும் மாத்தல.

நம்ம தெருவுக்கு நெட் குடுக்கற சலீம் பாய் கடைக்குப் போனேன். ஒரு ஊட்டு லைனை மட்டும் அடைக்க முடியுமான்னு வேற யாரோ கதை மாதிரி கேட்டேன். சிரிச்சார். "நெட்டுல உங்க ஊட்டுக்குன்னு தனி நம்பர் கிடையாதுங்க. இந்த லைன்ல இருக்கற எல்லா ஊடும் வெளிய போறப்ப ஒரே நம்பர்தான். ஒருத்தரை அடைச்சா எல்லாரையும் அடைச்ச மாதிரி."

"அப்ப யாரு பண்ணினாலும் நான் பண்ணினதாத்தான் தெரியுமா?"

"அப்படித்தானுங்க தெரியும்."

திரும்பி வர்றப்ப ஒவ்வொரு ஊட்டு வாசலையும் பார்த்துட்டே வந்தேன். ஒவ்வொருத்தன் மேலயும் சந்தேகம்.

13 ஜூன், வெள்ளி

தூறல்.

கதிருக்கு போன் பண்ணினேன். மூணாவது தடவைதான் எடுத்தான்.

"உங்க ஊட்டு நம்பர்லருந்துதாங்கண்ணா வந்து கொளுத்தியிருக்குது. பேரு மட்டும் வேற. பாகம் கேட்ட கோபம்னு நெனச்சேன்."

சலீம் பாய் சொன்னதைச் சொன்னேன். அவன், "சர்வர் அட்ரஸ் நம்ம ரெண்டு பேருக்குத்தானுங்களே தெரியும்."

அப்பத்தான் நெஞ்சுல இடிச்சது. போன மாசம் மணியண்ணன் கேம் ஆடணும்னு ஆசையாக் கேட்டார்னு நாந்தான் அட்ரஸ் குடுத்தேன். அவரு ஊடும் எங்க லைன்தான்.

கதிர்கிட்டச் சொன்னேன். "கேட்டுச் சொல்லுங்க"ன்னு வெச்சுட்டான். நம்பினானா தெரியல.

14 ஜூன், சனி

பால் ஊத்திட்டு மணியண்ணனை ஓரமாக் கூப்பிட்டேன். கேக்கறதுக்கு முன்னாலயே முகம் சுருங்கிருச்சு.

"கேம்ல கறி சுடலாம்னு அந்தக் கிடங்குக்குள்ள அடுப்பு பத்த வெச்சனுங்க. மரச் சுவருன்னு தோணல. பரவிருச்சு. பயந்துட்டு ஓடிட்டனுங்க. சொல்ல வெக்கமா இருந்துது."

"உங்களால அண்ணன் தம்பிக்குள்ள பேச்சே நின்னு போச்சுங்க."

தலையைக் குனிஞ்சுட்டார். சிரிக்கறதா திட்டறதா தெரியல. "என் முன்னாலயே கதிர்கிட்டச் சொல்லுங்க"ன்னு போனைப் போட்டுக் குடுத்தேன். சொன்னார். தோட்டம் அளக்க எழுதிக் குடுத்த விஷயத்தை நான் கதிர்கிட்டக் கேக்கல. வாய் வரைக்கும் வந்துது.

15 ஜூன், ஞாயிறு

ஓடு மாத்தியாச்சு. சாந்திக்கு லேசாக் காய்ச்சல். கஞ்சி வெச்சுக் குடுத்தேன்.

அடைப்பை எடுத்துட்டான் போல, சாயங்காலம் ஊட்டு வைஃபையிலயே உள்ள போயிருச்சு. கதிர் கிடங்கு இருந்த இடத்துல நின்னுட்டு இருந்தான். நான் நகந்தா அவனும் நகந்தான். கூடவே வர்றானா, கண்ணு வெச்சுட்டே வர்றானா.

அப்பறம் எழுதினான்: "தோட்டம் அளக்க எழுதிக் குடுத்தது நெசந்தாங்கண்ணா. நேர்ல சொல்ல வாய் வரல."

நான் போய் மரம் வெட்டிட்டு வந்து கருகின தரையில முதல் கட்டையை வெச்சேன். அவன் பக்கத்துல ஒண்ணு வெச்சான்.

"எப்ப அளக்க வர்றாங்க?"ன்னு கேட்டேன்.

"புதன்கிழமைங்கண்ணா."

"வந்து சாப்பிட்டுட்டுப் போ."