நீ பார்த்த டால்பின்கள்

அன்பு மச்சான் ஏகாம்பரம்,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை. செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவன் இந்த முடிச்சூரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஒரே நாசகாரிப் போர்க்கப்பலில் ஒன்பது வருஷம் இருந்தோம். நீ மேல்தளத்தில், சிக்னல் விளக்கோடு. நான் கீழே எஞ்சின் அறையில், மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு. வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால், "மச்சான், இன்னிக்கு டால்பின் கூட்டமா வந்துச்சுடா!" என்று ஆரம்பிப்பாய். காதில் இரைச்சல் அடங்காமல், வேர்வை நாற்றத்தோடு நான் தலையாட்டுவேன். கடற்படையில் இருந்தது இரண்டு பேர். கடலைப் பார்த்தது நீ மட்டும்தான்.

ரிட்டயர் ஆகி ஒரே அப்பார்ட்மென்டில் வீடு வாங்கியது என் தலையெழுத்து. ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் கொடியேற்றிக் கதை சொல்ல உன்னைக் கூப்பிட்டார்கள். என்னிடம், "தனபால் சார், அந்த சேரைக் கொஞ்சம் இப்படிப் போடறீங்களா?" என்றார்கள்.

இந்த வருஷம் நீ இல்லை. "சார், நீங்களும் நேவிதானே? ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று செயலாளர் மைக்கை நீட்டினார். எஞ்சின் அறையைப் பற்றி என்ன சொல்ல? சூடு, எண்ணெய், இரைச்சல். யார் கேட்பார்கள்? வாய் தானாக உன் டால்பின் கதையை எடுத்துவிட்டது. விடிகாலையில் நான் மேல்தளத்தில் நின்றேனாம், ஐந்து டால்பின்கள் கப்பலோடு பந்தயம் போட்டுக்கொண்டு வந்தனவாம். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன்.

முன்வரிசையில் உன் வசந்தா உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். எல்லாரும் கலைந்ததும் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, அஞ்சு இல்லண்ணா, ஏழு. அவரு எப்பவும் ஏழுன்னுதான் சொல்வாரு."

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. கையில் ஒரு லட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் மச்சான், நிஜமாகவே பற்றி எரிந்தது. கடலை விடு. நீ செத்த பிறகும் உன் டால்பின்களை எண்ணி வைத்திருக்க ஓர் ஆள் இருக்கிறாள். நாளைக்கு நான் போனால், என் கதையைத் தப்பாகச் சொல்கிறவனைத் திருத்த யார் இருக்கிறார்கள்? என் சரோஜா ஆரம்பத்தில் எவ்வளவோ கேட்டாள். "அதுல இன்னா கீது சொல்ல?" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். உன்னைப் பார்த்துப் பார்த்துக் கெட்டேனா, நானாகவே கெட்டேனா?

அடுத்த வருஷம் அதே மைக்கில், அது உன் கதை, டால்பின் ஏழு என்று சொல்லிவிடுகிறேன். சத்தியம். அதற்கு முன்னால், இன்றைக்கே, சரோஜா காய் நறுக்க உட்காரும்போது எதிரில் போய் உட்காரப் போகிறேன். எஞ்சின் அறைக்கு இறங்க எத்தனை படி என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். அவள் எண்ணிக்கொள்ளட்டும்.

உன்மேல் பொறாமை தீராத உன் மச்சான்,
தனபால்