நித்திரையில் கடந்த எல்லை

12.8.1998, புதன்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எட்டு வருடத்துக்குப் பிறகு தம்பி ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறான். கடலுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானில் இருக்கும் அம்மாவிடம் போக, இன்று அவனை மூதூர் போகும் லோஞ்ச் படகுக்குக் கூட்டிப் போனேன். "ஆமிச் சென்றியில சோதிக்கேக்க நான் கதைக்கிறன், நீ வாயைத் திறக்காத" என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். கேட்டானா? ஆமிக்காரன் பையைக் கிளறியதும் ஜெர்மன் பாஸ்போர்ட்டை நீட்டி, ஐரோப்பாவில் ஒருவரும் இப்படிச் சோதிப்பதில்லை என்று இங்கிலீசில் சட்டம் கதைத்தான். இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவைப் பார்க்க மாதாமாதம் "மாத்தயா, மாத்தயா" என்று சிங்களத்தில் குழைந்து நான் பிடித்து வைத்திருந்த வழி அது. இனி என்னையும் விடுவார்களோ தெரியாது.

வீட்டுக்கு வந்தவன் வெட்கமில்லாமல் பட அல்பத்தை விரித்தான். மலிவு பஸ்ஸில் பாரிஸ், பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் சுற்றினானாம். ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்க இரவில் பஸ்ஸிலேயே படுத்தானாம். சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலுமாம். ஒரு படத்தில் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை.

"பாரக்கா, இது பெல்ஜியம் எல்லை கடக்கேக்க கூட்டாளி எடுத்தது. ஒருத்தரும் எழுப்பக்கூட இல்லை!" என்று சிரித்தான்.

"அம்மா இண்டைக்கு முழுக்க மூதூர் இறங்குதுறையில நிண்டிருப்பாடா" என்றேன்.

"என்ன செய்யிறது? அடுத்தமுறை பாப்பம்."

சனிக்கிழமை அவனுக்குப் பிளேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அடுத்தமுறையாம்!

இப்போது விறாந்தையில் குறட்டை விடுகிறான், அந்தப் படத்தில் போலவே வாயைப் பிளந்துகொண்டு. அக்கரையில் அம்மா அவனுக்கென்று காய்ச்சிய நண்டுக் கறியை மூடிவைத்துவிட்டு விழித்திருப்பா.

பேனையை வைத்துவிட்டு இவனை உலுப்பி எழுப்பப் போகிறேன்.